இருக்கும் தொழில்களைக் கவனிக்கும் சேவை: வால்வு பாகங்கள் செய்யும் ஒருவரின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரப் பொருளாதார வளர்ச்சிக் குழுமம், ஏற்கெனவே இங்கே இயங்கும் தொழில்களுக்காக நடத்தும் தக்கவைப்பு, விரிவாக்கச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். கட்டணம் இல்லை. கடனும் மானியமும் இவர்கள் கையில் இல்லை. அவற்றை எதிர்பார்த்துக் கூப்பிடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இவர்கள் செய்வது வேறு. ஆள் நேரில் வருகிறார், பட்டறையைப் பார்க்கிறார், குறைகளைக் கேட்கிறார், உரிய இடத்துக்குக் கொண்டுபோகிறார், பிறகு பதிலோடு திரும்பி வருகிறார். திரும்பி வருவதற்குத்தான் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு.

நான் யார் என்று சொன்னால்தான் இந்த மதிப்பீட்டை எடைபோட முடியும். நீராவிக் குழாய்களிலும் தண்ணீர்க் குழாய்களிலும் பொருத்தும் வால்வுகளுக்கு உள்பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை என்னுடையது. நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். இந்த அளவு ஒரு சங்கடமான அளவு. தொடங்கும் தொழிலுக்கான உதவித் திட்டங்களுக்கு நாங்கள் பெரியவர்கள். பெரிய ஆலைகளுக்கான கூட்டங்களில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. வேண்டிய அளவு ஆர்டர் இருக்கும், அதைச் செய்து முடிக்க வசதி இருக்காது. இந்தச் சேவை சரியாக எங்களைப் போன்றவர்களுக்கானது.

வந்த அலுவலர் அலுவலக அறையில் உட்காரவில்லை. "முதலில் உள்ளே ஒரு சுற்று வரலாமா?" என்று கேட்டார். கணினி நிரலால் ஓடும் சிஎன்சி இயந்திரங்களின் வரிசை முடியும் இடத்தில் தார்ப்பாய் போர்த்திய இயந்திரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் முன் நின்றுவிட்டார். "இது ஏன் ஓடவில்லை?" என் ஃபோர்மேன் என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "இதை ஓட்டினால் மற்ற இரண்டை நிறுத்த வேண்டும். அனுமதித்த மின்சுமை அவ்வளவுதான்."

கூடுதல் மின்சுமைக்கு நாங்கள் விண்ணப்பிக்காமல் இல்லை. எங்கள் தெருவின் மின்மாற்றியில் இடமில்லை, புதிய மின்மாற்றி வேண்டுமென்றால் செலவு முழுவதையும் விண்ணப்பதாரரே ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்தத் தொகையை ஒரு பட்டறை தனியாகத் தாங்காது. கோப்பு அங்கேயே தூங்கியது. அலுவலர் இயந்திரத்தின் குதிரைத்திறனைக் கேட்டு எழுதினார். விண்ணப்ப எண்ணைக் கேட்டு எழுதினார். கடைசியாக வந்த கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான். குறை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் 'மின்சாரப் பிரச்சினை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதுவும் செய்ய முடியாது.

அடுத்து நடந்தது எனக்கே புதிய செய்தி. எங்கள் தெருவில் ஒரு அச்சகம், ஒரு பிளாஸ்டிக் வார்ப்புக் கூடம், ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கின்றன. மூவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, அதே பதிலை வாங்கி, அதே இடத்தில் நின்றுவிட்டவர்கள். தினமும் முகம் பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்கிறவர்கள்தான் நாங்கள். மின்சுமையைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. நால்வரின் பட்டறைக்கும் போய்வந்தவர் அந்த அலுவலர் ஒருவர் மட்டும். நான்கு விண்ணப்பங்களையும் குழுமம் ஒன்றாகச் சேர்த்து மின் நிறுவனத்தின் முன் வைத்தது. செலவு நான்காகப் பிரிந்தது. இத்தனை பேர் உறுதியாகச் சுமை எடுப்பார்கள் என்று தெரிந்ததும் நிறுவனமும் ஒரு பங்கைத் தன் விரிவாக்கக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இப்போது அந்த இயந்திரம் இரண்டு ஷிஃப்டும் ஓடுகிறது. அதற்காகப் புதிதாக ஆள் எடுத்திருக்கிறேன்.

இதில் யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அடைபட்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த அடைப்பு நீடித்திருந்தால், மின்வசதி தயாராக இருக்கும் வேறு வட்டாரத்தில் இடம் பார்த்திருப்பேன். ஒரு தொழில் ஊரைவிட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கோபத்தில் யாரும் போவதில்லை; காத்திருந்து அலுத்துப்போய்ப் போகிறார்கள்.

நேரில் போய்க் கேட்கும் இந்த முறை எங்கள் குழுமம் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின், ஊர்மக்களுக்கு வழிகாட்டும் விரிவாக்கப் பிரிவு 1980களிலேயே இதை ஒழுங்கான திட்டமாக நடத்தத் தொடங்கியது. பயிற்சி பெற்றவர்கள் ஒரே கேள்வித்தாளோடு தொழிற்கூடங்களுக்குப் போவார்கள். நிரப்பிய தாள்களை ஒரு சிறு குழு உட்கார்ந்து படிக்கும். மூடப்போகிற, இடம் மாறப்போகிற, விரிவாக்க இடம் தேடுகிற நிறுவனங்களின் தாள்களைத் தனியே எடுத்து உடனே கவனிக்கும். மற்றவை தொகுக்கப்பட்டு, ஊருக்குப் பொதுவான சிக்கல் எது என்று ஆராயப்படும். எங்கள் மின்மாற்றி விஷயத்தில் நடந்ததும் இந்த இரண்டாவது வேலைதான்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. டேவிட் பர்ச் என்ற ஆய்வாளர் 1979இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு பகுதியின் வேலைவாய்ப்பு ஏறுவதற்கும் இறங்குவதற்கும், நிறுவனங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்வது மிகச் சிறிய காரணம்தான் என்று அதில் காட்டினார். உள்ளூரிலேயே பிறக்கிற, வளர்கிற, சுருங்குகிற, மூடுகிற தொழில்கள்தான் கணக்கை மாற்றுகின்றன. சிறு நிறுவனங்களின் பங்கு பற்றி அவர் சொன்ன எண்களைப் பின்னாளில் பலர் மறுத்தார்கள். சிறியதா பெரியதா என்பதைவிடத் தொழிலின் வயதே முக்கியம் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் இடம்பெயர்வு பற்றிய அவருடைய முடிவு நிலைத்துவிட்டது. அப்படியிருந்தும், வளர்ச்சிக் குழுமங்களின் பணமும் நேரமும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்களைப் பிடிப்பதற்கே போகின்றன. புதிய ஆலை வந்தால் அடிக்கல் நாட்டலாம், செய்தி வரும். பழைய பட்டறைக்கு மின்மாற்றி வந்தால் யார் எழுதுவார்கள்? நான்தான் எழுதுகிறேன்.

அப்படி வெளியிலிருந்து நிறுவனங்களை இழுப்பதற்குக் கொடுக்கும் வரிச்சலுகை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் திமோத்தி பார்டிக், பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு மதிப்பீடு தந்தார். வரிச்சலுகை பெற்ற நிறுவனங்களில் அந்தச் சலுகையால் முடிவை மாற்றிக்கொண்டவை 2 முதல் 25 விழுக்காடு வரைதான் இருக்கும் என்பது அவர் கணக்கு. மற்றவை சலுகை இல்லாவிட்டாலும் அதையே செய்திருக்கும். செலவிடும் தொகைக்குக் கூடுதல் பலன் தருபவை சிறு உற்பத்தியாளர்களுக்கான ஆலோசனையும் தேவைக்கேற்ற பணிப்பயிற்சியும்தான் என்றும் அவர் தொடர்ந்து வலியுறுத்துகிறார். விஸ்கான்சின் மாநிலத்தில் 2017இல் ஃபாக்ஸ்கான், சலுகைக்கு ஈடாக 13,000 வேலைகள் தருவதாக அறிவித்தது. 2021இல் திருத்தி எழுதிய ஒப்பந்தத்தில் அந்த எண் 1,454 ஆகச் சுருங்கியது. கன்சாஸ் நகரத்தில் நடந்தது இன்னும் வேதனை. அந்த நகரம் கன்சாஸ், மிசூரி என்ற இரண்டு மாநிலங்களின் எல்லைமேல் பரந்திருக்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டிச் சில மைல் இடம் மாறிய நிறுவனங்களுக்கு இரு மாநிலங்களும் மாறி மாறிச் சலுகை கொடுத்தன. வேலை செய்கிறவர்கள் அதே ஆட்கள். புதிய வேலை ஏதுமில்லை. 2019இல்தான் இரு தரப்பும் அதை நிறுத்த ஒப்புக்கொண்டன. அந்தப் பணத்தில் எத்தனை பட்டறைகளின் அடைப்பை எடுத்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

எங்கள் குழுமத்தின் இரண்டாவது சேவை சந்தைத் தகவல். இதைப் பற்றி எனக்கு முதலில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. என் வாடிக்கையாளர்கள் யார், எதை வாங்குகிறார்கள், எங்கே கசிகிறது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். பின்னர் ஓர் அறிக்கை வந்தது. அதில் பாதி எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு பக்கம் என் கண்ணைத் திறந்தது. பொது நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளிகளைத் தேடித் தொகுத்து, வால்வை முழுதாக வாங்குவது ஒரு பக்கம் இருக்க, பழுதுபார்ப்பதற்கான உள்பாகத் தொகுப்பைத் தனியாக வாங்குகிறவர்கள் யார் யார் என்று காட்டியிருந்தார்கள். நான் வால்வு செய்கிறவர்களுக்கு மட்டுமே விற்றுக்கொண்டிருந்தேன். அந்த வால்வுகளை வைத்து ஓட்டுகிறவர்களும் என் பாகங்களை நேரடியாக வாங்கக்கூடும் என்பது அந்தப் பட்டியலில்தான் தெரிந்தது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருக்கும் என் போன்றவர்களுக்கு இது சாதாரண உதவி இல்லை. அந்த ஒருவர் கைவிட்டால் நாற்பது குடும்பங்களின் நிலை என்ன?

இந்த வகைச் சேவைக்கு முன்மாதிரிகளில் ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள லிட்டில்டன் என்ற சிறு நகரம். அங்கே மிகப் பெரிய முதலாளியாக இருந்த மார்ட்டின் மரியெட்டா என்ற ஏவுகணை நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியது. அதன் பிறகு 1987இல் ஊர் நிர்வாகம், இன்னொரு பெரிய ஆலையைத் தேடி ஓடுவதில்லை, உள்ளூரில் வளரும் தொழில்களுக்குத் தகவலும் தொடர்பும் வசதியும் தருவது என்று முடிவெடுத்தது. கிறிஸ் கிப்பன்ஸ் என்ற அலுவலர் அதை நடத்தினார். பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்த தரவுத்தளங்களைச் சந்தா கட்டி வாங்கி, உள்ளூர்ச் சிறு நிறுவனங்களின் கேள்விகளுக்கு அவற்றிலிருந்து பதில் தேடிக் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் வேலைவாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பக்கத்திலுள்ள டென்வர் பெருநகரமும் அதே காலத்தில் வளர்ந்தது. ஆகவே பெருமை முழுவதையும் இந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் முறை சரியானது. இத்தாலியின் எமிலியா ரொமாஞ்ஞா பகுதியில் கார்பி என்ற பின்னலாடை ஊரிலும் 1980இல் ஒரு தகவல் மையம் தொடங்கினார்கள். அடுத்த பருவத்தின் போக்கு, நூல் வகை, இயந்திரம் பற்றிய செய்திகள் சின்னஞ்சிறு கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஜப்பானில் மாகாண அரசுகள் நடத்தும் சோதனைக்கூடங்களில், தன்னால் வாங்க முடியாத கருவியைச் சிறு உற்பத்தியாளர் பயன்படுத்திப் பொருளைச் சோதித்துக்கொள்கிறார். அப்படி ஒரு சோதனைக்கூடம் எங்கள் குழுமத்திடம் இல்லை. கடினத்தன்மைச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் பாகங்களை வெளியூருக்கு அனுப்பிச் சான்று வரும்வரை சரக்கை நிறுத்திவைக்கிறேன். இதைக் குறையாகவே பதிவு செய்கிறேன்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்பயிற்சிக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதத் தெரிகிறது. மைக்ரோமீட்டரைச் சரியான அழுத்தத்தில் பிடித்து அளக்கத் தெரிவதில்லை. வால்வின் மூடி வந்து படியும் இருக்கைப் பகுதியில் மனித முடியின் தடிமனில் கால்பங்கு விலகினாலும் கசியும். குழுமம் எங்களைப் போன்ற முதலாளிகளையும் ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. என் ஃபோர்மேன் ஒரு பெட்டி நிறையக் கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டுபோய், "இவற்றில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்டார். அதன் பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது. அளவீட்டுக்கு இப்போது தனிப் பாடவேளை இருக்கிறது. பெட்டியும் கல்லூரியிலேயே இருக்கிறது, பிள்ளைகள் அதை வைத்துப் பழகுகிறார்கள். ஒரு மனக்குறை உண்டு. அந்த மேசையில் பெரிய ஆலைக்காரர்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. அவர்களுக்கு ஒரே இயந்திரத்தில் நிற்க ஆள் போதும். எனக்கு எல்லா இயந்திரத்திலும் கைவைக்கத் தெரிந்தவர் வேண்டும். கூட்டத்தை நடத்துகிறவர் சிறியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும்.

இனிக் குறைகள். கேள்வித்தாள் மிக நீளம். ஆட்களின் எண்ணிக்கை, பதிவு எண், தொடங்கிய ஆண்டு என்று ஏற்கெனவே பல அலுவலகங்களுக்குக் கொடுத்ததையே மறுபடி கேட்கிறார்கள். அவற்றை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு வந்தால், உருப்படியான கேள்விகளுக்கு நேரம் கிடைக்கும். குத்தகை எப்போது முடிகிறது, விற்பனையில் எத்தனை பங்கு ஒரே வாடிக்கையாளரிடம் இருக்கிறது, உங்களுக்குப் பிறகு யார் நடத்துவார்கள் ஆகிய மூன்று கேள்விகளில் ஒரு தொழிலின் ஆயுள் தெரிந்துவிடும். மூன்றையும் கேட்டார்கள். மூன்றாவதற்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. என் பிள்ளைகள் வேறு துறையில் இருக்கிறார்கள். பணியாளர்களே சேர்ந்து வாங்கிக்கொள்ள வழி உண்டா, நம்பகமான வாங்குபவரை எப்படித் தேடுவது, மதிப்பீட்டை யாரிடம் கேட்பது என்று எனக்கு யாராவது வழிகாட்ட வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பட்டறைகள் அடுத்து நடத்த ஆளில்லாமல் மூடப்படுகின்றன. இயந்திரம் ஏலத்துக்குப் போகிறது, ஆட்கள் சிதறுகிறார்கள். தொழிலைத் தக்கவைப்பதே வேலை என்று சொல்லும் அமைப்பில் இதற்கு ஒரு நிபுணர் இல்லாதது பெரிய ஓட்டை. நான் குறைத்த ஒரு மதிப்பெண் இதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு வேறொரு அமைப்பு இதேபோல் கணக்கெடுப்பு நடத்தியது. நீண்ட பேட்டி எடுத்தார்கள். வழவழப்பான தாளில் அறிக்கை வெளியிட்டார்கள். என் குறைக்கு மட்டும் பதில் வரவே இல்லை. அதைவிட மோசம், நான் இடம் தேடுவதாகச் சொன்னது எப்படியோ வெளியே கசிந்து, என் பணியாளர் ஒருவர் வந்து, "பட்டறையை மாற்றப்போகிறீர்களாமே?" என்று கேட்டார். இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் நல்ல கடைசல்காரர்கள்தான் முதலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போவார்கள். வங்கியும் கலங்கும். இப்போதைய குழுமம் இதில் கவனமாக இருக்கிறது. தகவலை யார் யார் பார்ப்பார்கள் என்று எழுதிய படிவத்தை முதலிலேயே கொடுத்தார்கள். மின் நிறுவனத்திடம் என் பெயரைச் சொல்வதற்கு முன் தனியாக ஒப்புதல் கேட்டார்கள். முழு மதிப்பெண்.

அலுவலர் மாறும்போது என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இருக்கும் கவலை. எங்களிடம் வந்தவருக்கு எந்தத் தெருவில் எந்தப் பட்டறை, எந்தக் கோப்பு எந்த மேசையில் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் போய்விட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடக் கூடாது. குறிப்புகளை முறையாகப் பதிந்துவைக்கிறார்களா என்று கேட்டேன், வைக்கிறோம் என்றார்கள். புதியவர் வரும்போது, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லவைத்தால் மதிப்பெண்ணை மாற்றி எழுதுவேன்.

உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு குழுமம் இருந்தால், அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிடுங்கள். உள்ளே அழைத்துப்போய்க் காட்டுங்கள். அலுவலக அறையிலேயே பேசி அனுப்பிவிடாதீர்கள். ஃபோர்மேனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்குத் தெரியாத அடைப்பு அவருக்குத் தெரியும். நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களின் எண்களையும் கடிதங்களின் நகல்களையும் எடுத்துவையுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், "என் தகவலை யார் பார்ப்பார்கள்? பதில் எந்தத் தேதிக்குள் வரும்? பதில் வராவிட்டால் நான் யாரைக் கேட்பது?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவர்களிடம் மனம்விட்டுப் பேசலாம். மழுப்பினால், தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.